கொலுவில் நின்ற ரயில்

நம் வயசுக்காரர்கள் நாலு பேர் சேர்ந்தால் பேச்சு முழங்கால் வலியில் ஆரம்பித்துச் சர்க்கரையில் முடிகிறது. எனக்கு அது அலுத்துவிட்டது. இன்றைக்கு நான் ரயிலைப் பற்றிச் சொல்லப்போகிறேன், மாத்திரை போடுகிறவர்கள் போட்டுவிட்டு வந்து உட்காருங்கள். நிஜ ரயில் இதில் கொஞ்சம்தான் வரும். மீதியெல்லாம் காஞ்சிபுரத்துக் கொலுக்களில் ஓடின பொம்மை ரயில்கள்.

கொலு என்றால் உங்களுக்குச் சுண்டல் ஞாபகம் வரும். எனக்கும் தம்பிக்கும் அப்படியில்லை. படிகளின் கீழே தரையில் பார்க் கட்டுவார்கள் அல்லவா, செம்மண்ணைக் குழைத்து மலை, அதன்மேல் கடுகைத் தூவி முளைக்கவிட்டுக் காடு, உடைந்த முகக்கண்ணாடியில் குளம்? அந்தப் பார்க்கைச் சுற்றி எந்தெந்த வீட்டில் ரயில் வைத்திருக்கிறார்கள் என்பதுதான் எங்கள் கணக்கு. படியில் தசாவதாரம் நிற்கும், அதற்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு இருவரும் குப்புறப் படுத்துவிடுவோம். தரையில் கன்னத்தை வைத்துப் பார்த்தால்தான் பொம்மை ரயில் நிஜமாகத் தெரியும். ஈரமண்ணும் கடுகு முளையும் சேர்ந்து ஒரு வாசனை வரும், இப்போதுகூட கடுகை ஊறவைத்தால் எனக்கு அது வந்துவிடுகிறது.

எங்கள் அப்பா ஸ்டேஷன் மாஸ்டர். அரக்கோணம் போகிற பாதையில் ஒரு சின்ன ஸ்டேஷன். அங்கே பள்ளிக்கூடம் இல்லாததால் நாங்கள் ஊருக்குள் வாடகை வீட்டில் இருந்தோம், அப்பா போய் வந்துகொண்டிருந்தார். கரி எஞ்சின் ஓடின காலம். அரிசிக்கு நாம் எல்லோரும் வரிசையில் நின்ற காலமும் அதுதான். அப்பாவின் சட்டையைத் துவைக்கும்போது அம்மா தினமும் கரிப்புகையைத் திட்டுவாள். அந்தப் பாதையில் போகிற வண்டிக்கும் வருகிற வண்டிக்கும் ஒரே தண்டவாளம்தான். அடுத்த ஸ்டேஷனை டெலிபோனில் கூப்பிட்டு, பாதை காலியா என்று கேட்டு, காலி என்று பதில் வந்த பிறகுதான் வண்டியை அனுப்பலாம். இதற்குப் பெயர் லைன் கிளியர். எங்கள் வீட்டில் குளியலறை காலி என்பதற்குக்கூட லைன் கிளியர் என்றுதான் சொல்வோம்.

ஒரு வருஷம் வைகாசியில்தான் வினை வந்தது. ஒரு சாயங்காலம் பேய்க்காற்றும் மழையும் அடித்து, அப்பா ஸ்டேஷனுக்கும் அடுத்த ஸ்டேஷனுக்கும் நடுவே கம்பமெல்லாம் சாய்ந்துவிட்டது. டெலிபோன் செத்துப்போயிற்று. அப்போது காஞ்சிபுரத்திலிருந்து வந்த பாசஞ்சர் வண்டி அப்பாவின் பிளாட்பாரத்தில் வந்து நிற்கிறது. அதில் எங்கள் ஊர் பட்டுக்கடை முதலாளி, மகள் கல்யாணத்துக்குத் திருப்பதி போக நாற்பது பேரோடு ஏறியிருந்தார். பதில் கிடைக்காமல் வண்டியை அனுப்ப முடியாது என்று அப்பா சொல்லிவிட்டார். தண்டவாளம் மாற்றிவிடுகிற பாயிண்ட்ஸ்மேன் கையில் லாந்தரைக் கொடுத்து அடுத்த ஸ்டேஷனுக்கு நடக்கவிட்டார். அவன் பாதை காலி என்று எழுதி வாங்கிக்கொண்டு திரும்பி வர இரண்டரை மணி நேரம். அதுவரை வண்டி நகரவில்லை.

கடைசியில் வண்டி கிளம்பி அடுத்த ஸ்டேஷனுக்குப் போனால், அங்கே ஒரு கூட்ஸ் வண்டி பக்கத்துத் தண்டவாளத்தில் சும்மா நின்றுகொண்டிருந்தது. வழியில் எதுவும் எதிரே வரவில்லை. காலியாகக் கிடந்த பாதைக்கு இரண்டரை மணி நேரம் காத்திருந்ததாக வண்டியில் இருந்த அத்தனை பேரும் முடிவு கட்டிவிட்டார்கள். அரக்கோணத்தில் அவர்கள் பிடிக்கவேண்டிய வண்டி போய்விட்டது. முகூர்த்தம் தவறி, அடுத்த முகூர்த்தத்தில்தான் தாலி கட்டினார்களாம். முதலாளி திரும்பி வந்ததும் மேலிடத்துக்கு மனு எழுதினார். ஸ்டேஷன் மாஸ்டர் கடமை நேரத்தில் நாற்காலியில் தூங்கினார், நான் கண்ணால் பார்த்தேன் என்று.

அவர் பொய் சொல்லவில்லை. அப்பா கண்ணை மூடித்தான் உட்கார்ந்திருந்தார். தகரக் கூரையில் மழை கொட்டுகிறபோது டெலிபோன் மணி காதில் விழவேண்டுமானால் கண்ணை மூடிக்கொள்ளவேண்டும் என்பது அப்பாவின் பழக்கம். வீட்டில் ரேடியோவில் செய்தி கேட்பதும் அப்படியேதான். இதைப் போய் விசாரணையில் எழுதிக் கொடுத்தால் யார் நம்புவார்கள்? நவராத்திரி வரும்போது விசாரணை முடியாமல் இழுத்துக்கொண்டிருந்தது. மதுரைக்கும் அந்தப் பக்கம் தூக்கியடிக்கப் போகிறார்கள் என்று பேச்சு. அப்பாவுக்கு ஊர் மாறுவதில் கவலையில்லை. தூங்கினார் என்கிற ஒரு சொல் அவர் சர்வீஸ் காகிதத்தில் ஏறிவிடும் என்பதுதான் அவர் சோற்றைக் குறைத்துவிட்டது.

அம்மா வேறு ரகம். அவள் யோசனை எப்போதும் அடுக்களை வழியாகத்தான் போகும். "முதலாளி வீட்டம்மாவ கொலுவுக்கு அழைச்சுட்டு வா. சரஸ்வதி பூஜை அன்னிக்கு வந்து தாம்பூலம் வாங்கிக்கணும்னு சொல்லு. ஐயாவும் கண்டிப்பா வரணும்னு நான் சொன்னதா சொல்லு" என்று குங்குமச் சிமிழை என் கையில் கொடுத்தாள். எனக்குப் பத்து வயசு. தம்பிக்கு ஏழு. அவன் சுண்டலுக்கு டிபன் டப்பாவைத் தூக்கிக்கொண்டான்.

பட்டுக்கடை முதலாளி வீட்டு ரயிலை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். சிங்கப்பூரிலிருந்து வந்த கரண்ட் ரயில். பச்சை எஞ்சின், ஆறு பெட்டி, பெட்டிக்குள் மணி மணியாக விளக்கு. சுவிட்சைப் போட்டால் வெள்ளித் தண்டவாளத்தில் சர்ரென்று சுற்றும். சூடான எண்ணெய் மாதிரி ஒரு வாசனை வேறு. வீட்டம்மா எங்களைக் கண்டதும் முகத்தை இறுக்கிக்கொண்டு, அழைப்பைக் கேட்டுக்கொண்டு, ஆகட்டும் என்று உள்ளே போய்விட்டாள். முதலாளிதான் வேட்டியைத் தொடைவரை ஏற்றிக்கொண்டு எங்களோடு தரையில் குந்தினார். யார் வீட்டுப் பிள்ளைகள் என்று தெரிந்தும் பத்துச் சுற்று ஓடவிட்டார். தம்பி தலையில் தட்டி, "எங்க வீட்டு வண்டி எங்கியும் நிக்காதுப்பா, பார்த்தியா?" என்று சிரித்தார். கை நிறையக் கற்கண்டு கொடுத்தார். எனக்கு அவரைப் பிடித்துப்போய்விட்டது. அப்பாவைப் பற்றி மனு எழுதினவரை எனக்கு எப்படிப் பிடிக்கலாம் என்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் என் மேலேயே எனக்குக் கோபம்.

அடுத்து தெருக்கோடி நெசவாளர் வீடு. அவர்கள் வீட்டுக்குள் தெலுங்கு பேசுவார்கள், எங்களோடு தமிழ். தறிப் பள்ளத்துக்குப் பக்கத்திலேயே கொலு. காலி நூல்கட்டைகளைச் சக்கரமாக வைத்து, தீப்பெட்டிகளைப் பெட்டிகளாக ஒட்டி ஒரு ரயில். அதன் மூக்கில் சாயம் போன பட்டுநூலைக் கட்டி, எதிர்க் கோடியில் ஒரு ஆணியைச் சுற்றி, ராட்டையோடு சேர்த்திருந்தார்கள். நெசவாளர் மனைவி ராட்டையைச் சுற்றினால் ரயில் கடகடவென்று தறிக்கட்டை ஓரமாக வரும். "எங்க வண்டிக்குக் கரியும் வாணா, கரண்டும் வாணாமா. என் கை வலிக்காம இருந்தா போதும்" என்றாள் அந்த அம்மா. தம்பி அங்கே ஒரு மணி நேரம் படுத்துவிட்டான்.

மூன்றாவதாகப் போனது வாசகசாலைக்கு. அங்கே சாயங்காலம் கேரம் ஆடுகிற ஆண்பிள்ளைகள் ஒரு மன்றம் வைத்திருந்தார்கள், கிளப்பு என்போம். வருஷா வருஷம் நாலு மேஜையைச் சேர்த்துப் போட்டு, பாலாற்று மணலைக் கொட்டி, ஊரையே கட்டுவார்கள். கோபுரம், பஸ் ஸ்டாண்டு, செவிலிமேட்டுப் பக்கத்து வயல், ஆற்றுப்பாலம், எல்லாவற்றையும் சுற்றிச் சாவி ரயில். ஊரே வந்து பார்க்கும். அந்த வருஷம் கூட்டம் ஒரு மூலையில் குவிந்து சிரித்துக்கொண்டிருந்தது. நாங்களும் இடுக்கில் தலையை நுழைத்தோம். அங்கே ஒரு சின்ன ஸ்டேஷன். ஒரு ரயில் நிற்கிறது. பிளாட்பாரத்தில் மாலையும் கழுத்துமாக ஒரு கல்யாணப் பெண் பொம்மை, சுற்றிலும் பரிவாரம். நாற்காலியில் தொப்பி போட்ட ஒரு பொம்மை வாயைப் பிளந்துகொண்டு தூங்குகிறது. யாரோ ஒருவர் மேஜைக்கு அடியிலிருந்து குறட்டை விட்டார்.

தம்பி கைதட்டிச் சிரித்தான். நானும் சிரித்தேன். நன்றாகவே சிரித்தேன். பக்கத்தில் இருந்த ஒருத்தர் என்னைப் பார்த்துச் சட்டென்று சிரிப்பை நிறுத்தினார், அப்போதுதான் அது யார் பொம்மை என்று எனக்கு உறைத்தது. காது சுட்டது. தம்பியை இழுத்துக்கொண்டு ஓடி வந்தேன். வீட்டில் மூச்சு விடாதே என்று வழியில் மூன்று தடவை சத்தியம் வாங்கினேன்.

சத்தியம் ராத்திரிச் சாப்பாடு வரைக்கும்கூட நிற்கவில்லை. "அப்பா, கிளப்புல உன்ன மாதிரி ஒரு பொம்ம தூங்கிக்கினு இருக்குதுப்பா" என்று ரசத்துக்கும் மோருக்கும் நடுவே போட்டு உடைத்தான். அம்மா கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். அப்பா மோர் ஊற்றச் சொல்லி, சாப்பிட்டு முடித்து, கை கழுவி, பிறகுதான் கேட்டார். "கிளப்புல எந்தப் பக்கம்பா வெச்சிருக்காங்க?"

மறுநாள் டியூட்டி முடிந்து வந்தவர் சட்டைகூட மாற்றாமல் எங்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு வாசகசாலைக்குப் போனார். அவரைக் கண்டதும் குறட்டை நின்றது. மன்றத்துக் காரியதரிசி எழுந்து நின்று, "வாங்க சார்... சும்மா தமாசுக்கு..." என்று மென்று விழுங்கினார். அப்பா மேஜையைச் சுற்றி ஒரு முறை நடந்தார். குனிந்து அந்த ஸ்டேஷனையே பார்த்தார். அப்புறம், "சிக்னல தண்டவாளத்துக்கு வலது பக்கம் நட்டிருக்கீங்க. டிரைவருக்கு அது இடது பக்கம் இருக்கணும். மாத்திடட்டுமா?" என்றார். காரியதரிசி தலையாட்டினார். அப்பா சிக்னலைப் பிடுங்கி, மணலை விரலால் நோண்டி, இடது பக்கம் நேராக நட்டார். "நாற்காலியும் தப்பு. எங்க ஸ்டேஷன் நாற்காலிக்குக் கை கிடையாது சார். அதுல ஒருத்தரும் தூங்க முடியாது" என்றார். கோபமே இல்லாமல் சொன்னார்.

வீட்டுக்குத் திரும்புகிற வழியில் அப்பா நெசவாளர் வீட்டு வாசலில் நின்று, அந்த நூல் ரயிலை ஒரு தடவை சுற்றிக் காட்டச் சொன்னார். பார்த்துவிட்டு பழைய ராட்டை இரண்டும் நூல்கட்டைகளும் சாயம் போன நூல் கொஞ்சமும் கேட்டு வாங்கிக்கொண்டார். அன்று ராத்திரியே எங்கள் கொலுவில் இருந்த பார்க்கைக் கலைத்தார். அம்மா கத்தினாள், அவர் காதில் வாங்கவில்லை.

அவர் செய்த ரயில் மற்ற வீட்டு ரயில் மாதிரி சுற்றாது. கூடத்தின் இந்தக் கோடியில் ஒரு ஸ்டேஷன், அந்தக் கோடியில் ஒரு ஸ்டேஷன். நடுவில் ஒற்றைத் தண்டவாளம், மூங்கில் பட்டையில் செய்தது. ஸ்டேஷனில் மட்டும் இரண்டு பாதை, ஒரு வண்டி ஒதுங்கி நிற்க. இரண்டு வண்டிகள், ஆளுக்கு ஒரு ராட்டை. ராட்டையைச் சுற்றினால் உங்கள் வண்டி எதிர் ஸ்டேஷனுக்குப் போகும். நடுவே சாக்கை மண்ணில் தோய்த்து ஒரு பெரிய மலை, அதற்குள் குகை. மலைக்கு மேலே அம்மாவின் பழைய புடவையைத் திரையாகக் கட்டிவிட்டார். இந்தக் கோடியில் இருப்பவருக்கு அந்தக் கோடி தெரியாது. பேசுவதற்குத் தீப்பெட்டி டெலிபோன், நாம் எல்லோரும் நூல் கட்டி விளையாடினோமே, அதுதான்.

"கூப்பிட்டு, வரலாமான்னு கேளு. வரலாம்னு பதில் வந்தா சுத்து. அவ்வளவுதான் ஆட்டம்" என்றார் அப்பா. இரண்டு மூன்று தடவை ஆடவிட்டுவிட்டுக் கத்தரிக்கோலால் டெலிபோன் நூலை அறுத்துவிடுவார். "மழை வந்துடுச்சு. கம்பி போயிடுச்சு. இப்ப உன் வண்டிய அனுப்புவியா, மாட்டியா? அந்தப் பக்கத்து ஆளும் இதையேதான் யோசிச்சுக்கினு இருப்பார்." அதற்குமேல் ஒரு வார்த்தை சொல்லமாட்டார். அனுப்பு என்றோ நிறுத்து என்றோ சொன்னால் ஆட்டம் கெட்டுவிடும் என்பார்.

இரண்டே நாளில் தெருப் பிள்ளைகள் எல்லாம் எங்கள் வீட்டில். அப்பா டியூட்டிக்குப் போயிருக்கும்போது ஆட்டத்தை நடத்துவது நான்தான். இங்கே ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். நூலை அறுத்த பிறகு நான் ஒரு தடவைகூட என் வண்டியை நிறுத்தி வைத்ததில்லை. எதிர்ப் பக்கம் யார் இருந்தாலும் சுற்றிவிடுவேன். குகைக்குள்ளே இரண்டும் மோதி, டமாலென்று மலை ஆடும், கடுகு முளையெல்லாம் சரியும், பிள்ளைகள் ஹோவென்று கூச்சல் போடும். அதற்காகவே திரும்பத் திரும்ப வந்தார்கள். மோதின வண்டிகளை அப்பா வருவதற்குள் பசை போட்டு ஒட்டி வைத்துவிடுவோம். அப்பாவுக்கு இது தெரியாது.

சரஸ்வதி பூஜை அன்று சாயங்காலம் பட்டுக்கடை முதலாளி நிஜமாகவே வந்துவிட்டார், வீட்டம்மாவோடு. அம்மாவுக்குக் கை கால் ஓடவில்லை. வீட்டம்மாவுக்கு மஞ்சள் குங்குமம் கொடுத்து, பூ வைத்து, முதலாளிக்கு நாற்காலி போட்டாள். அப்பா வாங்க என்று கைகூப்பினார். முதலாளிதான் ரயிலைப் பார்த்துவிட்டு நாற்காலியிலிருந்து இறங்கினார். "இன்னாது இது, மாஸ்டரே? சுத்தாதா?"

"ரெண்டு பேர் ஆடணும் முதலாளி. நீங்க இந்தப் பக்கம் உட்காருங்க. எம்பொண்ணு அந்தப் பக்கம்."

நான் திரைக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தேன். முதலாளி தீப்பெட்டியைக் காதில் வைத்துக்கொண்டு, "அலோ, வரலாமாம்மா?" என்றார். வரலாம் என்றேன். அவர் வண்டி குகைக்குள் புகுந்து என் ஸ்டேஷனில் வந்து நின்றது. அவர் சின்னப் பிள்ளை மாதிரி சந்தோஷப்பட்டார். திரும்ப ஒரு தடவை. அப்புறம் கத்தரிக்கோல் சத்தம் கேட்டது. "மழை. கம்பி போயிடுச்சு முதலாளி. இப்ப என்ன பண்ணுவீங்க?" என்றது அப்பாவின் குரல்.

என் கை ராட்டைப் பிடியில் இருந்தது. வழக்கம்போலச் சுற்றப்போனேன். அதற்குள் அம்மா சுண்டல் தட்டை எடுக்கிற சாக்கில் திரைக்கு இந்தப் பக்கம் வந்து, என் காதோடு குனிந்தாள். "சுத்தாதடி. அவர் வண்டி நல்லபடியா போய்ச் சேரட்டும். இன்னிக்கு அவர் மனசு குளிரணும்." நான் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

அந்தப் பக்கம் முதலாளி வாய்விட்டே யோசித்தார். "கூப்ட்டா பதில் இல்ல... பொண்ணு சும்மாதான் குந்திக்கினு இருக்கும். அனுப்பறேன்பா." ராட்டை சுற்றுகிற சத்தம். அவர் வண்டி குகையைத் தாண்டி, ஒரு கீறல் இல்லாமல், என் வண்டிக்குப் பக்கத்துப் பாதையில் வந்து நின்றது.

"பாத்தீங்களா? எதிர்ல ஒண்ணும் இல்ல! அன்னிக்கும் இதேதான் மாஸ்டரே" என்று தொடையில் தட்டிச் சிரித்தார். குரலில் கோபமே இல்லை. "சரி வுடுங்க. தூக்கம் மனுசனுக்கு வர்றதுதானே? தூங்கிட்டார், போனா போவுது, மன்னிச்சு வுட்ருங்கன்னு நாளைக்கே எழுதிக் குடுத்துடறேன். வூட்ல இவ்ளோ மரியாதையா கூப்ட்டு உபசாரம் பண்றீங்க."

அம்மா கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, நிம்மதியில். மன்னிப்பு வந்தது, கூடவே அந்தத் தூக்கமும் காகிதத்தில் உறுதியாக ஏறப்போகிறது. அப்பா இரண்டு அடி வைத்து வந்து புடவைத் திரையை ஒதுக்கினார். என் வண்டி கிளம்பின இடத்திலேயே நிற்பதைப் பார்த்தார். என் கை மடியில் இருப்பதைப் பார்த்தார்.

"நீ ஏம்மா அனுப்பல?"

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். அம்மாவின் முகம் வெளுத்தது. தம்பி, "அக்கா எப்பவும்..." என்று ஆரம்பித்தான், அம்மா ஒரு பிடி சுண்டலை அவன் வாயில் அடைத்தாள். அப்புறம் அப்பா சொல்லிச் சொல்லிக் கேட்ட வார்த்தைகளே என் வாயில் வந்தன. "கூப்பிட்டேன், பதில் வரலப்பா. லைன் கிளியர் இல்லாம எப்படி அனுப்பறது?"

அப்பா முதலாளி பக்கம் திரும்பினார். "முதலாளி, கொஞ்சம் இங்க வந்து பாருங்க. உங்க வண்டி தப்பிச்சது பாதை காலியா இருந்ததால இல்ல. இந்தக் கோடியில ஒருத்தி தன் வண்டிய நிறுத்தி வெச்சிருந்தா."

முதலாளி தவழாத குறையாக வந்து, பக்கத்தில் பக்கத்தில் நின்ற இரண்டு வண்டிகளையும் பார்த்தார். "அப்ப அன்னிக்கு அங்க நின்னுக்கினு இருந்த கூட்ஸு..."

"அங்கயும் ஒரு மாஸ்டர் என்ன மாதிரியே கூப்பிட்டுப் பார்த்துட்டு, பதில் வராம நிறுத்தி வெச்சிருந்தார். எங்க ஆளும் அவங்க ஆளும் நடுவழியில லாந்தரோட சந்திச்சுக்கிட்டாங்க."

"நீங்க கண்ண மூடிக்கினு இருந்தீங்களே?"

"மழை சத்தத்துல மணி கேக்கணுமே முதலாளி."

முதலாளி தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். தன் வண்டியின் முதல் பெட்டியை ஒரு விரலால் தொட்டார். "எம்பொண்ணு எஞ்சினுக்கு அடுத்த பெட்டியிலதான் இருந்துச்சு" என்றார். வீட்டம்மா வாயில் முந்தானையைப் பொத்திக்கொண்டாள். கிளம்பும்போது அவர் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார். அந்த வாரமே மனுவைத் திரும்ப வாங்கி, மாஸ்டர் தூங்கவில்லை, தான் பார்த்தது தவறு என்று எழுதிக் கொடுத்தார். விசாரணை முடிந்தது. வாசகசாலையிலும் அந்த மூலையைக் கலைத்துவிட்டார்களாம். நான் போய்ப் பார்க்கவில்லை.

அன்று அவர்கள் போனதும் அப்பா என்னைத் தூக்கிக்கொண்டார். பத்து வயசுப் பெண்ணைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு கூடத்தில் நடந்தார். "இந்த ஊர்ல என் கூட நின்னவ இவ ஒருத்திதான்" என்றார். அம்மா அடுக்களையில் பாத்திரம் உருட்டினாள். அவளும் நானும் அதைப் பற்றிப் பேசினதே இல்லை. எனக்குக் கல்யாணமாகிக் கிளம்புகிற அன்று, பெட்டியில் புடவையை அடுக்கிக்கொண்டே, "அவர்கிட்ட சொல்லிடாதடி" என்றாள். எதை என்று நானும் கேட்கவில்லை.

நான் வண்டியை நிறுத்தி வைத்ததை அப்பா ஊருக்கெல்லாம் சொன்னார். உறவுக்காரர்களிடம், என் வீட்டுக்காரரிடம், என் பிள்ளைகளிடம். ரிடையரான அன்று பாராட்டுக் கூட்டத்தில் என்னை மேடைக்குக் கூப்பிட்டு, தனக்குப் போட்ட மாலையைக் கழற்றி என் கழுத்தில் போட்டார். நூறு பேர் கைதட்டினார்கள். நான் சிரித்துக்கொண்டு நின்றேன். உங்களில் சிலர்கூட அந்தக் கூட்டத்தில் இருந்திருப்பீர்கள்.

சொல்லியிருக்கலாம். நாற்பது வருஷத்தில் ஆயிரம் சமயம் கிடைத்தது. அவர் நம்பினது பொய் என்று தெரிந்தால், அவர் பக்கம் நின்றவர்கள் பூஜ்யம் ஆகிவிடுவார்கள். அந்தக் கணக்கை அவருக்குச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. எனக்கு அது வெட்கமாகவும் இருந்தது, இன்றைக்கும் இருக்கிறது. அப்பாவுக்காக இல்லாவிட்டால் போகட்டும், மோதிவிடுமே என்று பயந்தாவது நிறுத்தினேனா? அதுவும் இல்லை. ஒரு பெரிய மனிதர் முகம் கோணக்கூடாதே என்றுதான் நிறுத்தினேன். அப்பா சர்வீஸ் முழுக்க யார் முகம் கோணினாலும் அசையாமல் நின்றவர், அவருக்குப் போய் நான் இப்படி.

அம்மா போய் ஆறு வருஷம் கழித்து அப்பா ஆஸ்பத்திரியில் படுத்தார். பாதி ஞாபகம் தப்பிவிட்டது, இந்தக் கதை மட்டும் தப்பவில்லை. ஊசி போட வந்த நர்ஸம்மாவை உட்காரவைத்து, முழுக்கச் சொன்னார். ராட்டை, திரை, கத்தரிக்கோல், ஒன்றையும் விடவில்லை. சொல்லி முடித்து, "நிறுத்தினது இவதான்" என்று என்னைக் காட்டினார்.

அந்தப் பெண்ணுக்கு என் மகள் வயசுதான் இருக்கும். ஆச்சரியமாக என்னைப் பார்த்து, "அவ்ளோ பெரிய மனுசன் எதிர்ல குந்திக்கினு இருக்கறப்ப, உங்களுக்குப் பயமா இல்லியாம்மா?" என்றாள்.

அப்பா என் பதிலுக்காகக் கண்ணை மூடிக்கொண்டார்.

"இல்லம்மா, பயமே இல்ல" என்றேன்.